பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதியவள்

கஸ்தூரி முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு காலை நேரத்தில். எந்த மாதம் என்று நினைவில்லை. மழை வருமா வராதா என்று தெரியாமல், கொடியில் போட்ட துணியை இரண்டு முறை எடுத்து இரண்டு முறை போட்டது மட்டும் நினைவிருக்கிறது.

கேட்டைத் திறந்துகொண்டு வந்தவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தோளிலும் புடவைக் கொசுவத்திலும் சிவப்பாக ஏதோ பொடி ஒட்டியிருந்தது. குங்குமத்தைக் கொட்டிக்கொண்டாளோ என்று நினைத்தேன். வேர்க்கடலையின் மேல்தோல் என்று பிறகு தெரிந்தது.

“எழுதுற டீச்சர் வூடு இதானுங்களா?” என்று கேட்டாள்.

செங்கம் ரோட்டை ஒட்டிய எங்கள் தெருவில் எழுதுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. அறை எடுத்துத் தங்கும் வெளிநாட்டுக்காரர்களில் பாதிப் பேர் நோட்டும் பேனாவுமாகத்தான் காபி குடிக்கிறார்கள். ஆனால் டீச்சர் நான் ஒருத்திதான். ஆமாம் என்றேன்.

ஒரு துணிப்பையை என் கையில் திணித்தாள். உரித்த வேர்க்கடலை, மூன்று கிலோ தேறும். எனக்கு நன்றி சொல்வதற்காகவே கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறாள். எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். காபி போடப் போனேன்.

“நீங்க எழுதினதக் கேட்டப்புறம்தான் டீச்சர், எங்க பூங்காவனம் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போறதையே வுட்டுச்சு” என்றாள், என் முதுகுக்குப் பின்னாலிருந்து.

சந்தோஷமாகத்தான் சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டேதான் திரும்பினேன். எதற்காக ஆஸ்பத்திரிக்குப் போவதாக இருந்தார்கள் என்று கேட்டேன். அவள் சொன்ன பதிலில் அடுப்பில் வைத்த பால் எனக்கு மறந்துபோனது.

அந்தப் பதிலைச் சொல்வதற்கு முன்னால், நான் எழுதிவந்த அந்தப் பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாலை நான் ஏன் மறந்தேன் என்று உங்களுக்குப் புரியாது.

மூன்று குவியல்

முப்பது வருடம் பெண்கள் பள்ளியில் விலங்கியல் நடத்தியவள் நான். மனித இனப்பெருக்கம் என்ற பாடம் வந்தால் சில ஆசிரியைகள் “வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்” என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். நான் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நடத்துவேன். வெளியே போகிறவர்களும் இரண்டு வார்த்தை தெரிந்துகொள்ளட்டுமே என்கிற நல்ல எண்ணம்தான்.

ஓய்வு பெற்றதும் வாய் சும்மா இருக்கவில்லை. இதே இதழில், பெண் உடம்பைப் பற்றி எளிய தமிழில் வாரம் ஒரு பக்கம் எழுத ஆரம்பித்தேன். மாதவிடாய் வலி எங்கிருந்து வருகிறது, மார்பு இரண்டும் ஏன் ஒரே அளவில் இருப்பதில்லை, ஐம்பது வயதில் தாடையில் ஏன் முடி முளைக்கிறது, இந்த மாதிரி. யாரும் சத்தமாகக் கேட்காத, எல்லாருக்கும் தெரிய வேண்டிய சங்கதிகள்.

கடிதங்கள் வந்தன. என் வீட்டுக்காரர் அரசு அலுவலகத்தில் கோப்பு தள்ளி ஓய்வு பெற்றவர். பழக்கம் போகுமா? வந்த கடிதங்களையெல்லாம் மேஜையில் மூன்று குவியலாகப் பிரித்து வைப்பார். திட்டு, கேள்வி, பாராட்டு. பாராட்டுக் குவியல் பறக்காமல் இருக்க அதற்கு மட்டும் ஒரு கல் வைத்திருந்தார். மற்ற இரண்டும் தன் கனத்திலேயே நிற்கும்.

ஓய்வு பெற்ற ஒருவர் எழுதியிருந்தார்: எங்கள் வீட்டில் இரண்டு மருமகள்கள் இருக்கிறார்கள், இந்த இதழை நான் எப்படிக் கூடத்தில் போடுவது? நான் பதில் எழுதினேன்: மருமகள்களிடமே கொடுத்துவிடுங்கள், நீங்கள் போட வேண்டியதில்லை.

எங்கள் ஊர்ப் பத்திரிகைக் கடைக்காரர் ஒரு வேடிக்கை சொன்னார். தேரடித் தெருவில் ஒருவர் இதழை வாங்கி, கடை வாசலிலேயே என் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு எடுத்துப் போவாராம். அரை மணி கழித்து அவர் மனைவி வேலைக்காரம்மாவை அனுப்பி இன்னொரு பிரதி வாங்குவாளாம். வாரா வாரம். “நீங்க நிறுத்திடாதீங்க டீச்சர்” என்றார் கடைக்காரர்.

செங்கம் ரோட்டில் ஒரு நாள் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்ப்பதும் திரும்புவதுமாக இருந்தார். கடைசியில் ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டார். “சம்சாரம் மாசத்துல நாலு நாளு எம்மேல எரிஞ்சு வுழுது. நீங்க எழுதின ஹார்மோன்தான் காரணமா, இல்ல நெஜமாவே எம்மேல கோவமா?”

இரண்டுமாகவும் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள் என்றேன். மனுஷன் மீதி தூரம் முழுக்க யோசித்துக்கொண்டே ஓட்டினார்.

பௌர்ணமி நெருங்கினால் எங்கள் ஊர் மருந்துக் கடைகளில் பெண்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கும் மாத்திரை ஒன்று உண்டு. நாள் தள்ளிப்போவதற்கு. கிரிவலம் தவறிவிடக் கூடாதே என்று. தீபத்துக்குச் சொல்லவே வேண்டாம். டாக்டரைக் கேட்காமல் அதை விழுங்காதீர்கள் என்று ஒரு வாரம் எழுதினேன். அப்படியானால் அந்த நாளில் மலை சுற்றலாமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தாள். சுற்றுவது கால்தானே, கால் வலிக்காவிட்டால் சுற்றுங்கள் என்று பதில் போட்டேன்.

அந்த மாதம் திட்டுக் குவியல் மேஜையிலிருந்து சரிந்து தரையில் விழுந்தது. சாமி விஷயத்தில் உனக்கென்ன வேலை என்று ஒரு அம்மாள் நான்கு பக்கம் எழுதியிருந்தார். கையெழுத்து அத்தனை அழகு. மருந்துக்கடைத் தம்பி மட்டும், “இப்பல்லாம் டாக்டர் சீட்டு கேட்டா ஜாஸ்தி கோச்சுக்கிறது இல்ல டீச்சர்” என்றான். எனக்கு அது போதுமாக இருந்தது.

திட்டுகிறவர்கள் மேலும் எனக்குப் பிரியம்தான். முழுக்கப் படித்துவிட்டுத்தானே திட்டுகிறார்கள்.

முடிவு ரொம்ப நன்றாக இருந்தது

ஒரே ஒரு வாரம்தான் திட்டுக் குவியல் காலியாகக் கிடந்தது. மாதவிடாய் நிற்கும் பருவத்தைப் பற்றி எழுதிய வாரம்.

அதில் என்ன எழுதினேன் என்றால், நிற்கப்போகும் காலத்தில் நாள் முன்னே பின்னே ஆகும், இரண்டு மாதம் வராமல் இருந்து மூன்றாம் மாதம் வரும், உடம்பு திடீரென்று சுடும், தூக்கம் கெடும், இதெல்லாம் இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை. அதோடு முடிக்கவில்லை. கடைசியில் ஒரு பத்தி இருந்தது. முழுசாக ஒரு வருடம் வராமல் நின்றுபோன பிறகு மறுபடி ரத்தம் பட்டால், ஒரு சொட்டு என்றாலும், அது மாதவிடாய் அல்ல. உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். பெரும்பாலும் சின்ன விஷயமாக இருக்கும், ஆனால் புற்றாகவும் இருக்கலாம் என்று எழுதியிருந்தேன்.

முக்கியமானதைக் கடைசியில் சொல்வது என் பள்ளிக்கூடப் பழக்கம். மணி அடிக்கும் முன் சொன்னதுதான் பிள்ளைகள் மனசில் நிற்கும். முப்பது வருடம் அப்படித்தான் நடத்தினேன்.

பத்திரிகை வேலை வேறு மாதிரி என்று எனக்குத் தெரியவில்லை. கடைசி நேரத்தில் விளம்பரம் வந்தால் கட்டுரையின் வாலைத்தான் நறுக்குவார்கள். அந்த வாரம் ஒரு புடவைக் கடையின் தள்ளுபடி விளம்பரம் வந்துவிட்டது. என் கட்டுரை “பயப்பட ஒன்றுமில்லை” என்பதோடு நின்றது. (இப்போதைய ஆசிரியர் கோபித்துக்கொள்ள வேண்டாம். அப்போது இருந்தவர் வேறு.)

இதழ் வந்ததும் நான் பார்த்தேன். பார்த்தும் என்ன செய்தேன்? கொஞ்சம் முணுமுணுத்தேன். போன் பண்ண வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் பாராட்டுக் கடிதங்கள் வர ஆரம்பித்துவிட்டன. முடிவு ரொம்ப நன்றாக இருந்தது, படித்து முடித்ததும் நிம்மதியாக இருந்தது என்று ஊர் ஊராக எழுதியிருந்தார்கள். வீட்டுக்காரர் இரண்டாவது கல்லைத் தேடினார்.

நான் போன் பண்ணவில்லை. வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன், பாராட்டில் மறந்துவிட்டேன்.

மண்டியில் வாசிப்பு

கஸ்தூரி சொன்னது இதுதான்.

கீழ்பென்னாத்தூரில் ஒரு கடலை மண்டியில் அவளும் இன்னும் பதினான்கு பெண்களும் வேலை செய்கிறார்கள். உடைத்து வந்த வேர்க்கடலையை முறத்தில் புடைத்து, கல்லும் சொத்தையும் பொறுக்கும் வேலை. கஸ்தூரி பிளஸ் டூ படித்தவள். எனவே வாரத்தில் ஒரு நாள் மத்தியானம் அவள் முறத்தைத் தொட வேண்டியதில்லை. உட்கார்ந்து இதழைச் சத்தமாகப் படிக்க வேண்டும். அவள் பங்குக் கடலையை மற்ற பதினான்கு பேரும் ஆளுக்குக் கொஞ்சமாகத் தங்கள் முறத்தில் அள்ளிப் போட்டுக்கொள்வார்கள்.

முதலில் என் பக்கம்தான் படிக்க வேண்டுமாம். மார்பு அளவு பற்றி எழுதிய வாரம் ஒருத்தரை ஒருத்தர் ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்த சிரிப்பில் வேலை நின்று, முதலாளி வந்து என்ன விஷயம் என்று கேட்டிருக்கிறார். ஒருத்தியும் சொல்லவில்லை.

பூங்காவனம் அந்தப் பதினான்கு பேரில் மூத்தவள். அறுபதை நெருங்குகிற வயது. மாதவிடாய் நின்று ஆறு வருடம் ஆகிறது. இரண்டு மாதமாக மறுபடி ரத்தம் படுகிறது. கஸ்தூரியிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். இரண்டு பேரும் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போவதென்று கிழமை கூடக் குறித்துவிட்டார்கள். அதற்கு முந்தின நாள் மத்தியானம் கஸ்தூரி என் கட்டுரையைப் படித்தாள்.

“முன்ன பின்ன வரும், பயப்பட ஒண்ணும் இல்லன்னு நீங்களே போட்டுட்டீங்க. அக்காவுக்கு அப்டியே மூஞ்சியே தெளிஞ்சு போச்சு டீச்சர். அன்னிக்குத்தான் ஒழுங்கா சோறு துன்னுச்சு.”

பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது. கட்டுரை வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த மூன்று கிலோ கடலையை நான் எங்கே வைத்தேன் என்று கூட நினைவில்லை. கஸ்தூரிக்கு விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் முகம் வெளுத்துவிட்டது. பாவம், நன்றி சொல்ல வந்தவள்.

அச்சில் வந்தது

மறுநாள் கீழ்பென்னாத்தூர் வழியாகப் போகும் செஞ்சி பஸ்ஸில் ஏறிப் போனேன்.

மண்டிக்குள் நுழைந்தால் மூக்கில் எண்ணெய் வாசனையும் மண் வாசனையும் சேர்ந்து ஏறியது. பதினைந்து பெண்களும் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இதழில் படமாகப் பார்த்த டீச்சர் நேரில் வந்துவிட்டதில் எல்லாருக்கும் சந்தோஷம். ஒருத்தி எழுந்துபோய் டீ வாங்கிவந்தாள்.

பூங்காவனம் ஒல்லியானவள். நெற்றியில் திருநீறு. பேச்சு கம்மி. ஓரமாகக் கூப்பிட்டேன், வாசல் வரைதான் வந்தாள். நான் சொன்னதையெல்லாம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு இடுப்பிலிருந்து ஒரு சுருக்குப்பையை எடுத்துப் பிரித்தாள். எட்டாக மடித்த என் கட்டுரை உள்ளே இருந்தது. படிக்கத் தெரியாது. ஆனாலும் வைத்திருந்தாள்.

“இது நீங்க எழுதினதுதானே?”

ஆமாம்.

“அப்ப இது நெஜமா, இப்ப வாயால சொல்றது நெஜமா?”

இரண்டும் நிஜம், ஆனால் இதில் கடைசிப் பத்தி இல்லை, இடம் போதாமல் வெட்டிவிட்டார்கள் என்றேன்.

“வெட்டுனாங்கன்னா, அது வேணாம்னுதானே வெட்டியிருப்பாங்க” என்றாள்.

அச்சில் வந்ததை எழுதினவளே வந்து இல்லை என்றாலும் அவள் நம்பத் தயாராக இல்லை. பிடிவாதம் இல்லை அது. இரண்டு மாதம் பயந்து செத்தவளுக்கு அந்தக் காகிதம்தான் சோறு இறங்க வைத்தது. அதைப் பிடுங்க வந்தவள் நான்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் இல்லாத வியாதியையும் இருக்கிறது என்பார்கள் என்றாள். அப்படியே ஒன்று இருந்தாலும், திருத்தி அச்சில் போடுங்கள், கஸ்தூரி படிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். டீயைக் குடித்துவிட்டுப் போங்கள் என்றாள்.

பஸ் நிறுத்தத்தில் நின்றே ஆசிரியருக்குப் போன் போட்டேன். அவரும் பதறிப்போனார், நல்ல மனுஷர். ஆனால் அந்த வார இதழ் அச்சேறிவிட்டது, அடுத்ததிலும் பக்கங்கள் முடிந்துவிட்டன, அதற்கடுத்த வாரம் கட்டாயம் பெட்டி கட்டிப் போடுகிறேன் என்றார். அதற்கடுத்த வாரம். எனக்கு அழுகை வந்தது. ரோட்டில் நின்று அழுதேன்.

வீட்டுக்காரர் கேட்டது

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் மேஜையில் குவியல்களைச் சரிசெய்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு மேற்கோள், ஒரு படம், ஒரு டாக்டர் பெயர், எதைச் சொன்னால் அந்த அம்மா நம்புவாள் என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன்.

“உனக்கு வந்ததச் சொன்னியா?” என்றார்.

அதை மட்டும் சொல்லியிருக்கவில்லை.

இப்போது சொல்கிறேன். எனக்கும் வந்தது. அந்தப் பக்கம் எழுத ஆரம்பிப்பதற்கு முன்னால், எல்லாம் நின்று ஏழெட்டு வருடம் கழித்து. விலங்கியல் டீச்சர், வரைபடம் போட்டு அம்புக்குறி இட்டு முப்பது வருடம் நடத்தியவள். அது என்ன, எங்கே போய்க் காட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் நான்கு மாதம் ஒருவரிடமும் சொல்லவில்லை. இந்த வயதில் இதைப் போய் எப்படிச் சொல்வது என்று கூச்சம். சொன்னால் அது உண்மையாகிவிடுமோ என்று பயம். துணியைத் தனியாக அலசினேன். ஒரு காலையில் இவர்தான் பார்த்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் ஆட்டோ கூப்பிட்டார்.

எனக்கு அது சின்ன சதை வளர்ச்சிதான். எடுத்துவிட்டார்கள். நல்லவேளை.

ஒரு வருடம் பெண் உடம்பைப் பற்றி வாரா வாரம் எழுதினேனே, அதில் ஒரு இடத்தில் கூட “நான்” என்று எழுதியதில்லை. சில பெண்களுக்கு இப்படி நேரும், பல பெண்களுக்கு அப்படி நேரும் என்றுதான் எழுதுவேன். அந்தச் சில பெண்கள் யாரோ எங்கேயோ இருப்பார்கள். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு கரும்பலகை பக்கம் நிற்பேன்.

“சொல்ல முடியாது” என்றேன் அவரிடம்.

அவர் வற்புறுத்தவில்லை. காலையில் நான் புடவை மாற்றிக்கொண்டு நின்றபோது, பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்து மேஜையில் வைத்திருந்தார்.

ஒரு முறம் கேட்டேன்

இரண்டாம் முறை போனபோது பூங்காவனம் வாசல் வரை கூட வரவில்லை. லோடு வண்டி காத்திருந்தது, எழ முடியாது என்றாள். சரி என்று நானே போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். ஒரு முறம் கொடுங்கள் என்றேன். முதலாளி கல்லாவில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அவரை அனுப்பினேன். பாவம், வாத்தியார் குரலுக்குக் கட்டுப்பட்டுப் போய்விட்டார்.

சொத்தை எது நல்லது எது என்று தெரியாமல் கடலையைத் துழாவிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தேன். தலையை நிமிர்த்தவில்லை. நின்று எட்டு வருடம் கழித்து வந்தது, துணியை மறைத்து அலசியது, கோயிலுக்குப் போகாமல் முழங்கால் வலி என்று பொய் சொன்னது, வீட்டுக்காரர் ஆட்டோ கூப்பிட்டது எல்லாவற்றையும் சொன்னேன். பதினைந்து முறமும் ஒவ்வொன்றாக நின்றன.

நான் முடித்ததும் எதிர் வரிசையில் ஒருத்தி, “உங்களுக்கும் இதெல்லாம் உண்டா டீச்சர்?” என்று கேட்டாள்.

“பின்ன, எனக்கு மட்டும் பிளாஸ்டிக்லயா செஞ்சு வச்சிருக்குது?” என்றேன்.

சிரித்தார்கள். பூங்காவனம் சிரிக்கவில்லை. என் முறத்தை இழுத்து, நான் நல்லது என்று ஒதுக்கியதிலிருந்து சொத்தையைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தாள்.

“எவ்ளோ நாளு சொல்லாம இருந்தீங்க?”

“நாலு மாசம்.”

“எல்லாம் தெரிஞ்ச நீங்களே நாலு மாசமா?”

“ஆமாம்.”

இன்னும் ஒரு கைப்பிடி பொறுக்கினாள். பிறகு சுருக்குப்பையை அவிழ்த்து, மடித்த காகிதத்தை எடுத்துக் கஸ்தூரியின் மடியில் வைத்தாள். எழுந்து புடவையை உதறினாள். சிவப்புத் தோல் பொடி எங்கள் எல்லார் மேலும் விழுந்தது.

“டவுன் பஸ்ஸு எத்தினி மணிக்கு?” என்று கேட்டாள்.

மூன்று பேரும் போனோம். அவளுடைய மீதி மூட்டையை மற்றவர்கள் பொறுக்கித் தள்ளிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பெட்டிச் செய்தி

ஸ்கேன் எடுத்தார்கள். சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை இருந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

கெட்டதுதான். ஆனால் கருப்பையைத் தாண்டவில்லை என்றார் டாக்டரம்மா. இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் எப்படியோ, இப்போது எடுத்துவிட்டால் நல்ல நம்பிக்கை இருக்கிறது என்றார். பூங்காவனம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கடலை பொறுக்கிக் காய்த்துப்போன விரல்கள். நான்தான் டாக்டரம்மா சொன்னதையே திருப்பித் திருப்பிக் கேட்டு அவரைப் படுத்தி வைத்தேன்.

ஆபரேஷன் முடிந்து நான்கைந்து நாள் இருக்கும். கஸ்தூரி அந்த வார இதழோடு வார்டுக்கு வந்தாள். ஆசிரியர் சொன்ன சொல் தவறாமல் திருத்தம் போட்டிருந்தார். வாசகர் கடிதப் பக்கத்தின் அடியில், பெட்டி கட்டி, ஆறு வரி. கஸ்தூரி அதைப் படித்துக் காட்டினாள். பக்கத்துக் கட்டில்காரர்களும் கேட்டார்கள்.

“அவ்ளோதானா?” என்றாள் பூங்காவனம்.

அவ்வளவுதான் என்றேன்.

“அன்னிக்கு மண்டில உக்காந்து சொன்னீங்களே. அத ஏன் போடல?”

எத்தனையோ கடிதம் வந்திருக்கிறது எனக்கு. இத்தனை நேராக யாரும் கேட்டதில்லை. சாக்கு சொல்ல வாயெடுத்தேன். ஆறு வரிதான் இடம் கொடுத்தார்கள் என்று சொல்லலாம். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வெக்கமா இருந்துச்சு” என்றேன்.

“எனக்கும் அதான் டீச்சர்” என்றாள். “பயம் கூட அப்புறம்தான். மொதல்ல வெக்கந்தான்.”

கஸ்தூரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பூங்காவனம் மெதுவாக நகர்ந்து, என்னைக் கட்டிலில் உட்காரச் சொன்னாள். வலித்திருக்கும், முகத்தில் தெரிந்தது.

“போடுங்க. எம்பேரையும் சேத்துப் போடுங்க. பேரு இருந்தாத்தான், இதுக்கு ஆளு இருக்குதுன்னு நம்புவாங்க.”

போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னேனே தவிர, போடவில்லை. அதன் பிறகு அந்தப் பக்கத்தையும் நிறுத்திவிட்டேன். என் சொந்தக் கதையைச் சொல்லும் இந்தத் தொடர் ஆரம்பித்து இத்தனை வாரமாக என் பள்ளிக்கூடம், என் கல்யாணம், சமையலில் நான் கருக்கியது எல்லாவற்றையும் எழுதியாகிவிட்டது. இதை மட்டும் ஒவ்வொரு வாரமும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். போன மாதம் அவள் வருடாந்தரப் பரிசோதனைக்கு டவுனுக்கு வந்தவள், எங்கள் வீட்டுக்கும் வந்தாள். ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறாள். காபி குடித்துவிட்டுக் கிளம்பும்போது, “இன்னும் போடலியே டீச்சர்” என்று மட்டும் சொன்னாள்.

அவள் பெயர் பூங்காவனம். கீழ்பென்னாத்தூர் மண்டியில் கடலை பொறுக்குகிறவள். என் பெயர் இந்தப் பக்கத்தின் தலைப்பிலேயே இருக்கிறது. எங்கள் இரண்டு பேருக்கும் எல்லாம் நின்ற பிறகு ரத்தம் வந்தது. இரண்டு பேரும் வெட்கப்பட்டு மறைத்தோம். பிறகு போய்க் காட்டினோம். அதனால்தான் இதை நான் எழுதுகிறேன், கஸ்தூரி படிக்க அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.